ஆவியில் வெந்த ஜீன்

ஆட்டை நம்பாதீர்கள். எலும்புக்குள் வைக்கும் தகடுகளையும் திருகுகளையும் செய்யும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். ஆடு நல்ல பிராணி. ஆனால் அதற்கு எதை வைத்தாலும் குணமாகிவிடும். டைட்டானியம் வைத்தால் குணமாகும், எஃகு வைத்தால் குணமாகும், ஒன்றுமே வைக்காமல் நல்ல தழையாகப் போட்டாலும் பாதி குணமாகும். அறிக்கை எழுதுகிறவர் தனக்குப் பிடித்ததைக் காரணமாக எழுதிக்கொள்ளலாம். ஆடு மறுத்துப் பேசப் போவதில்லை.

நான் மராத்தி பேசும் தொழிற்பேட்டை ஊரான போசரியில் ஒரு கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள். தரக் கட்டுப்பாடு என்றால் வேறொன்றுமில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து முகத்தைச் சுளிப்பதற்குச் சம்பளம் தருவார்கள். என் முகம் இயல்பிலேயே அப்படித்தான் என்பதால் எனக்கு வேலை சுலபமாக இருந்தது.

தொண்ணூறுகளில் நான் சேர்ந்தபோது எங்கள் தொழிலில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. எலும்பு உடைந்தால் தகடு, தகட்டைப் பிடிக்கத் திருகு. கடைந்து, கழுவி, டப்பாவில் போட்டு அனுப்புவோம். ஆஸ்பத்திரியில் ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் போட்டு, நீராவியில் கிருமி நீக்கி, நோயாளிக்கு வைப்பார்கள். இந்தக் குக்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்ததும் எல்லாருக்கும் ஜீன் பிடித்துக்கொண்டது. எங்கள் முதலாளி ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு, ஆளுக்கொரு சாக்லேட்டும் கம்பெனிக்கு ஒரு லட்சியமும் வாங்கி வந்தார். வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கிய மிலிந்த் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார். திட்டம் கேட்க அழகாகத்தான் இருந்தது. எலும்பு வளரச் சொல்லும் மரபணுவை டைட்டானியம் திருகின் மேல் மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். திருகைச் சுற்றியிருக்கும் செல்கள் அதை எடுத்துக்கொண்டு, எலும்பை வளர்க்கும் புரதத்தைத் தாங்களே தயாரிக்கும். வளர்ந்த எலும்பு திருகை இறுகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான உலோகத்தில் பூச்சு நிற்காது என்பதால், முதலில் காற்றழுத்தத்தில் கரகரப்பான தூளை அடித்துத் திருகைச் சொரசொரப்பாக்குவோம். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்களில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் தசராவுக்கு வழக்கம்போல எல்லா இயந்திரங்களுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை நடந்தது. ஜீன் பூசும் கண்ணாடி அறையின் கதவில் ஆள் உயரத்துக்குச் செண்டுமல்லி மாலை தொங்கியது. தூள் அடிக்கும் இயந்திரத்துக்கு, மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு பூவை யாரோ எடுத்து வைத்தார்கள்.

இனி செல்வராஜ் அண்ணன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் என் அப்பாவிடம் வேலை பழகியவர். அவர் குடும்பமும் எங்களுடையதுபோல வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்ததுதான். லோக்கல் ரயில் நிற்கும்வரை காத்திருப்பது கட்கிக்காரர்களுக்குக் கௌரவக் குறைவு. அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றப் போய் அண்ணன் பிளாட்பாரத்தில் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் எலும்பு கூடவில்லை. மூன்றாவது முறையும் தோற்றால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய வழி ஒன்று இருந்தது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டியெடுத்து, உடைந்த இடத்தில் வைத்து நிரப்பி, தகடு போட்டு முடுக்குவது. பெரும்பாலும் பலிக்கும், ஆனால் இடுப்பு வலி உயிரை எடுக்கும். அந்த டாக்டர்தான் எங்கள் ஜீன் திருகுக்கும் ஆலோசகர். ஜீன் திருகு வந்துவிட்டால் இடுப்பைத் தொடவே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்யாணத் தேதி கேட்பவர்போலக் கேட்டார்.

“இன்னா கிரிஜா, உங்க கம்பெனி ஜீனு ரெடியாமே? டாக்டர் சாப் சொன்னாரு. இடுப்புல கத்தியே வைக்க வாணாமாம்.”

“இன்னும் ஆட்டுக்குத்தான் வச்சுப் பாக்கறாங்க, அண்ணே.”

“ஆட்டுக்கு நல்லா ஆச்சின்னா எனக்கும் ஆவும். நான் இன்னா ஆட்டவிட ஒஸ்தியா? நீ உள்ள கீற இல்ல, எனக்கு அது போதும்.”

நான் உள்ளே இருப்பது அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து போதாமல் போயிற்று.

ஆடுகளுக்கான ஆபரேஷன் ஊருக்கு வெளியே ஒரு கால்நடைப் பண்ணையில் நடந்தது. டாக்டர் தன் ஆஸ்பத்திரியின் தியேட்டர் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரையும் அழைத்துப் போனார். மனைவி இல்லாமல் வெளியூர் போவார், ஸ்டெல்லா சிஸ்டர் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டார். சிஸ்டரும் கட்கி கன்டோன்மென்ட் தமிழ்க் குடும்பம்தான். அந்தத் தியேட்டரில் அவரைக் கேட்காமல் கிருமிகூட நுழைய முடியாது என்று பெயர்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. கம்பெனி கூட்ட அறையில் காஜு கத்லியோடு கொண்டாட்டம். டாக்டர் திரையில் படம் படமாகக் காட்டினார். ஜீன் திருகு வைத்த ஆடுகளின் எலும்பு திருகை உடும்பாகப் பிடித்திருந்தது. எங்கள் பழைய திருகு வைத்த ஆடுகளில் பிடிப்பு சுமார். முதலாளி கைதட்டினார், ஆகவே எல்லாரும் கைதட்டினோம். மறுவாரம் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடுகிறது, அதன் சம்மதம் கிடைத்ததும் முதல் நோயாளி செல்வராஜ் என்று டாக்டர் அறிவித்தார்.

நடுவில் ஆபரேஷன் மேஜையின் படம் ஒன்று வந்தது. எல்லாரும் ஆட்டைப் பார்த்தார்கள். எனக்கு ஆட்டின் மேல் பெரிய ஈடுபாடு இல்லாததால் பக்கத்திலிருந்த டிரேயைப் பார்த்தேன். அதில் எங்கள் திருகு வந்த பொட்டலம் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு டேப். அந்த டேப் உங்களுக்குத் தெரியும். குக்கருக்குள் போகும் பொட்டலத்தில் ஒட்டுவது. நீராவி பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் எழும்பும், வெந்துவிட்டது என்று அர்த்தம். படத்தில் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

ஜீன் பூச்சுக்குச் சூடு ஆகாது. கிருமியில்லாத அறையிலேயே பூசி, மூடி, குளிர்பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தோம். அதை நீராவியில் வைத்தால் மிஞ்சுவது திருகும், ஜீன் இருந்த ஞாபகமும்தான்.

“டாக்டர், முந்தின படத்துக்கு ஒரு நிமிஷம் போங்களேன்,” என்றேன்.

“என்ன மேடம், ஆடு பிடிச்சுப்போச்சா?” என்று முதலாளி சிரித்தார்.

“ரொம்ப,” என்றேன். இன்னொரு காஜு கத்லி எடுத்துக்கொண்டேன். அங்கேயே எழுந்து கத்தியிருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். டேப் வேறு எதனுடையதாகவாவது இருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். கத்திவிட்ட பிறகு அது தெரிந்தால், அடுத்த முறை உண்மையாகவே தீப்பிடித்தாலும் நம் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் சிஸ்டரிடம் போனேன்.

ஆஸ்பத்திரித் தியேட்டர் வாசலில் சிஸ்டர் கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆடு விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“ஆமா மேடம், எல்லாத்தியும் ஆட்டோகிளேவ் பண்ணிட்டுத்தான் டாக்டர் கைல குடுத்தேன். ஆடா இருந்தா இன்னா? அதுவும் ஆண்டவர் படைச்சதுதானே?”

“எல்லா ஆட்டுக்குமா சிஸ்டர்?”

“எல்லாத்துக்கும். ஒண்ணுக்குப் பண்ணி ஒண்ணுக்குப் பண்ணாம வுடற பழக்கமே கிடையாது நம்மகிட்ட.”

“டப்பா மேல சூடு காட்டக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே?”

“டப்பா மேல எல்லாக் கம்பெனியும் என்னென்னவோ போடறாங்க. உங்க ஆளுங்கதானே மேடம் வருஷா வருஷம் வந்து கிளாஸ் எடுத்தாங்க? பாவ் பாஜி எல்லாம் வாங்கிக் குடுத்து? டப்பால இன்னா எழுதியிருந்தாலும் நம்பாதீங்க, உள்ள வைக்கிற எதையும் ஒருக்கா ஆவில போட்டு எடுத்துடுங்கன்னு?”

சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார். எங்கள் கம்பெனி முத்திரையோடு, அதே உபதேசம் மராத்தியிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நாங்கள் நடத்திய பயிற்சி எதையும் யாரும் அதுவரை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியதில்லை.

படி இறங்கும்போது முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆடுகளுக்குள் போனது வெந்த ஜீன். அப்படியானால் எலும்பைப் பிடிக்கச் செய்தது எது? தூள் அடித்த சொரசொரப்பு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பழைய திருகோ வழவழப்பானது. சொரசொரப்பான திருகை ஜீன் இல்லாமல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பூ வாங்கிய இயந்திரம் செய்த வேலைக்கு, மாலை வாங்கிய அறை பெயரெடுத்துவிட்டது.

கடைசிப் படிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பயம் வந்தது. வேகாத ஜீன் இதுவரை எந்த உயிருக்குள்ளும் போகவில்லை. செல்வராஜ் அண்ணனுக்கு வைக்கும்போது மட்டும் இந்தத் தவறு நடக்காது. இவ்வளவு முக்கியமான ஆபரேஷன் என்று டாக்டரே கவனமாக இருப்பார். ஜீன் உயிரோடு உள்ளே போகும். ஆட்டுக்கு நல்லா ஆச்சின்னா எனக்கும் ஆவும் என்றாரே, ஆட்டுக்கு முந்திய இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

மறுநாள் முதலாளி அறையில் முதலாளி, மிலிந்த், டாக்டர், நான் என்று நால்வர் இருந்தோம். நான் சொல்லி முடித்ததும் மிலிந்தின் முகம் வெளுத்தது. “கொஞ்சமாவது பிழைத்திருக்கலாம்,” என்று மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

“நூற்றிருபது டிகிரியிலா?” என்றேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அரே மேடம், எலும்பு பிடிச்சதா இல்லையா?”

“பிடிச்சது சார்.”

“ஆடு நடக்குதா இல்லையா?”

“ஓடுது சார்.”

“அப்புறம் என்ன? நர்ஸ் ஒரு தப்புப் பண்ணினாங்க. அவங்களை மாத்திடச் சொல்லலாம். நல்ல ரிசல்ட்டை எதுக்குக் கெடுக்கணும்?”

“சிஸ்டர் செஞ்சது நாம சுவர்ல ஒட்டினது சார். அவங்களை மாத்தணும்னா முதல்ல நம்ம போஸ்டரை மாத்தணும்.”

பிறகு முதலாளியின் முகம் திடீரென்று பிரகாசித்தது. “சரி, ஒண்ணு செய்யலாம். செல்வராஜுக்கும் அதே மாதிரி ஆட்டோகிளேவ்ல போட்டே வச்சிடலாம்! ஆட்டுக்கு என்ன வச்சோமோ அதேதான் மனுஷனுக்கும். கணக்குச் சரியாப் போச்சு.”

அன்று அந்த அறையில் பேசப்பட்டதிலேயே அறிவுள்ள பேச்சு அதுதான் என்பதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். சொரசொரப்பான, சுத்தமான, ஜீன் செத்த திருகு. அதில் ஆபத்து குறைவு. ஒரே ஒரு சிக்கல்தான்.

“டப்பா மேல என்ன போடுவீங்க சார்?” என்று கேட்டேன்.

“ஜீன் திருகுன்னுதான். வேற என்ன போடறது?”

“அப்படின்னா இடுப்புலேர்ந்து எலும்பு எடுக்க மாட்டாங்க. ஜீன்தான் இருக்கேன்னு விட்டுடுவாங்க. உள்ள ஜீனும் இருக்காது, எலும்பும் இருக்காது. மூணாவது தடவையும் கூடலைன்னா அந்த மனுஷனுக்குக் கால் போயிடும்.”

முதலாளி குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரல்தான் ஆபத்தானது என்பதை நீங்கள் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். “மேடம், இத்தனை வருஷம் இந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன குறை வச்சுது? குழுவுக்குப் போற அறிக்கையில நீங்க கையெழுத்துப் போடலைன்னா போடறதுக்கு ஆள் இல்லையா?”

“இருப்பாங்க சார். ஆனா நான் ஏன் போடலைன்னு குழுவுல கேப்பாங்க. கேட்டா சொல்லுவேன்.”

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மேஜைக்குக் கீழே என் இரண்டு கைகளும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன. நிக்டியில் நான் வாங்கிய வீட்டின் கடன் பாதிகூட அடையவில்லை. அந்த நேரம் மனதில் லட்சியம் எதுவும் ஓடாது, மாதத் தவணைதான் ஓடும்.

அதுவரை வாய் திறக்காமலிருந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எல்லா ஆட்டுக்கும் வெந்த திருகுதான் போயிருக்கிறது, நிச்சயமா?”

“சிஸ்டர்கிட்ட நீங்களே கேளுங்க.”

“ஸ்டெல்லா சொன்னால் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை,” என்றார். எழுந்தார். “நான் இடுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.” திரையில் பெருமையாகக் காட்டிய அத்தனை படங்களையும் அந்த ஒரு வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த டாக்டரிடம் நிறைய மனஸ்தாபம் உண்டு. அன்றைக்கு மட்டும் கும்பிடத் தோன்றியது.

சரியான முடிவெடுத்தால் மனம் லேசாகும் என்று பயிற்சி வகுப்பில் யாராவது சொல்வார்கள். பாவ் பாஜியைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். ஜீன் கிடையாது, இடுப்பில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன், ஆவி, ஆடு, எல்லாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு டாக்டரே தரேன்னாரு. படிச்ச பையன் தரேன்றான். மொதலாளி தரேன்றாரு. நடுவுல நீ வந்து வாணான்ற?”

“இன்னும் யாருக்கும் வச்சுப் பாக்கல அண்ணே.”

“ஒங்கப்பாரு இருந்தா இப்டிப் பண்ணுவாரா? உன்னிய நம்பிக்கினு இருந்தேன் பாரு, என்னியத்தான் சொல்லணும். போ.”

போனேன். கட்கியிலிருந்து நிக்டிவரை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்தி அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மிலிந்த் மறுபடி ஆட்டுக்கு வைத்துப் பார்த்தார். இந்த முறை ஜீன் வேகவில்லை, சிஸ்டருக்கு நானே பக்கத்தில் நின்று விளக்கினேன். ஒப்பிட, ஜீன் இல்லாத சொரசொரப்பான திருகையும் வைத்தார்கள். எலும்பு இரண்டையும் ஒரே மாதிரிதான் பிடித்தது. ஒரே ஓர் ஆட்டில் மட்டும் ஜீன் மிக நன்றாக வேலை செய்தது. திருகுக்குப் பக்கத்துச் சதைக்குள் எலும்பு முண்டாக முளைத்து, அது காலை மடக்க முடியாமல் நொண்டியது. வளரச் சொல்லியிருந்தோம், எங்கே என்று சொல்லவில்லை.

அந்த எக்ஸ்ரேயை மிலிந்த் என் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். “உங்க செல்வராஜ் எப்படி இருக்கார்?” என்று மட்டும் கேட்டார். அந்த இளைஞரை அதுவரை கிண்டல் செய்ததற்கெல்லாம் சேர்த்து அன்று அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

கம்பெனி திட்டத்தை ஓசைப்படாமல் மூடியது. ஜீனை விட்டுவிட்டு, சொரசொரப்பான திருகை மட்டும் விற்பனைக்கு விட்டது. அது நல்ல திருகு, செல்வராஜ் அண்ணனுக்கு முன்பே இடுப்பெலும்போடு போட்டதும் பூச்சில்லாத அதே திருகுதான். டப்பாவிலிருந்து ஜீன் என்ற சொல்லை எடுக்க நான் சண்டை போட்டேன், எடுத்தார்கள். ஆனால் முறுக்கின ஏணி மாதிரி ஒரு ஜீன் படத்தை முதலாளி அண்ணனின் ஆபரேஷனுக்கும் முன்பே எல்லா டப்பாவிலும் அச்சடித்துவிட்டிருந்தார். படம்தானே, அழகுக்கு இருக்கட்டும் என்றார். எல்லாச் சண்டையிலும் ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெற்ற வாரம், நிக்டியில் எங்கள் வீட்டு மணி அடித்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. கதவைத் திறந்தால் மூன்று மாடி ஏறி வந்து, கொஞ்சமாக மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் பேடா டப்பாவோடு செல்வராஜ் அண்ணன் நின்றார். ஊன்றுகோல் இல்லை.

அவரே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“உம்மேல கோவமெல்லாம் இல்ல கிரிஜா. அத்த சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நீ வாணான்னு நின்ன, சரி, உன் டூட்டி அது. ஆனா டாக்டர் சாப் தங்கமான மனுசன். உனக்குத் தெரியாம எனக்கு ஜீனு வச்சிட்டாரு.”

“அண்ணே, அது...”

“மறைக்காத. டப்பாவ நானே பாத்தேன். அந்த ஏணிப் படம் போட்டிருந்துச்சி.”

“இடுப்புல வெட்டி எலும்பு எடுத்தாங்களே அண்ணே? அந்தத் தழும்பு?”

“அதுவா?” என்று சிரித்தார். குரலைத் தாழ்த்தி, பரம ரகசியம்போலச் சொன்னார். “அது சும்மா, உன் திருப்திக்குக் கீறினது. நீ வந்து கேட்டா காட்றதுக்கு ஒண்ணு வேணும்ல?”

நீராவி, தூள், டேப், ஆடு, எல்லாம் என் நாக்கின் நுனிவரை வந்தன. முப்பது வருஷப் பழக்கம் அது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்ட அதே முகம்.

“பேடா எடுத்துக்கோ. மனசுல எதும் வச்சிக்காத,” என்றார்.

வழியனுப்ப வாசலில் நின்று பார்த்தேன். கைப்பிடியைத் தொடாமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தவறான ஓர் அறிக்கையைக்கூட நான் விட்டதில்லை. இதை விட்டுவிட்டேன். பேடா நன்றாகவே இருந்தது.